வேலையோடு சேர்ந்து போனவை: தோட்டப்புற அனுபவமும் வருங்காலத் தொழிலுலகமும்

வருங்காலத்தில் வேலைகள் என்ன ஆகும் என்னும் கேள்வி இன்று எல்லா மேடைகளிலும் எழுப்பப்படுகின்றது. இயந்திர மனிதன், செயற்கை நுண்ணறிவு, ஆளில்லாத் தொழிற்சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசாத கருத்தரங்கமே இல்லை எனலாம். நம் நாட்டில் டேலண்ட்கோர்ப் அமைப்பு 2024இல் வெளியிட்ட ஆய்வு, பத்துத் துறைகளில் சுமார் 6 இலட்சத்து 20 ஆயிரம் வேலைகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பெரும் மாற்றத்துக்கு உள்ளாகும் எனக் கணக்கிட்டது. நாளிதழ்கள் அந்த எண்ணைத் தலைப்பாகப் போட்டன. பட்டதாரியாகப் போகும் மாணவர்கள் அதில் தம் துறை இருக்கின்றதா என்று தேடிப் பார்த்தனர்.

எத்தனை வேலைகள் போகும் என்பது ஒரு கேள்வி. ஒரு வேலை போகும்போது அதனோடு வேறு எவையெல்லாம் போகும் என்பது மற்றொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. ஆனால் மலேசியத் தமிழர்களுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. நம் தாத்தா பாட்டியர் செய்த தொழில் ஒன்று ஒரு தலைமுறைக்குள் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. அது எப்படிப் போயிற்று, போகும்போது எவற்றை இழுத்துக்கொண்டு போயிற்று என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வருங்காலத்தைப் பற்றிச் சோதிடம் சொல்வதைவிட இது பயனுள்ளது என்று கருதுகின்றேன்.

தோட்டம் என்னும் முழு உலகம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்தபோது ரப்பருக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னர்க் கங்காணி முறையே ஆள் சேர்க்கும் முக்கிய வழியாயிற்று. 1938இல் இந்திய அரசாங்கம் அதற்குத் தடை விதிக்கும்வரை தமிழகத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து இறங்கினர்.

இவர்கள் வந்து சேர்ந்த இடம் வெறும் வேலைத்தளம் அன்று. லயத்து வீடு தோட்டத்தினுடையது. குடிநீர் தோட்டத்தினுடையது. காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருந்தகம். கைக்குழந்தையை விட்டுச் செல்ல ஆயாக்கொட்டகை. கடனுக்குச் சாமான் வாங்கத் தோட்டத்துக் கடை. மாலையில் கள்ளுக்கடை. ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றின் பிறப்பு இங்கேதான் இருக்கின்றது. மாரியம்மன் கோயிலையும் முனியாண்டி கோயிலையும் தொழிலாளர்களே எழுப்பினர்; ஆனால் அவையும் தோட்டத்து மண்ணில்தான் நின்றன.

இதைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் எழுத்துகள் நம்மிடம் ஏராளமாக உள்ளன. அவற்றை அப்படியே ஏற்க முடியாது. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். இருட்டிலேயே நிரைக்குப் போய் நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவ வேண்டும்; வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பெரும்பாலும் கூலியும் இல்லை. வேலையை விட்டவர் வீட்டையும் விட வேண்டும். துரையையும் மண்டோரையும் பகைத்துக்கொள்பவருக்குக் கூலி மட்டுமல்லாமல் கூரை, பிள்ளையின் பள்ளி, குலதெய்வம் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் இல்லாமற்போகும். தொழிலாளியைக் காப்பாற்றியதும் கட்டிப்போட்டதும் இந்த ஒரே ஏற்பாடுதான்.

ஆகவே தோட்ட வேலை என்பது ஒரு மூட்டை. கூலி அதில் ஒரு பொருள் மட்டுமே. வீடு, பள்ளி, மருத்துவம், கோயில், அக்கம்பக்கம், மொழி அனைத்தும் அதே மூட்டைக்குள் கட்டப்பட்டிருந்தன.

ஒரு வண்டு செய்த காரியம்

வேலைகள் அழிவதைப் பற்றிப் பேசும்போது நம் கண்முன் இயந்திரம்தான் வந்து நிற்கின்றது. தோட்டப்புறத்தில் நடந்தது அவ்வளவு எளிமையானது அன்று. அங்கே வேலைகள் குறைந்தபட்சம் நான்கு வெவ்வேறு வழிகளில் கைமாறின அல்லது மறைந்தன. அவற்றுள் மிகவும் வியப்புக்குரியது செம்பனை மகரந்தச் சேர்க்கையின் கதை.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே அதை வாணிக அளவில் பயிரிட்டார். மரம் நன்றாக வளர்ந்தது. ஆனால் காய்ப்பு எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் வெவ்வேறு காலங்களில் மலர்வதால் ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் காற்று செய்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினர். அது போதாதபோது மனிதக் கைகள் தேவைப்பட்டன. ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தட்டி எடுத்து, உலர்த்தி, முகமாவு போன்ற வெண்தூளில் கலந்து, மலர்ந்த பெண் பூக்களைத் தேடித்தேடி ஊத வேண்டும். பூ மலர்ந்திருக்கும் காலம் மிகக் குறுகியது என்பதால் சில நாள்களுக்கு ஒருமுறை அதே நிரைகளைச் சுற்றி வர வேண்டும். பல தோட்டங்களில் இப்பணியைப் பெண்கள் செய்தனர்.

லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிர்வாகி மலாயாவிலும் கெமரூனிலும் பணியாற்றியவர். கெமரூனில் யாரும் கையால் ஊதாமலேயே குலைகள் நன்றாகக் காய்ப்பதை அவர் கண்டிருந்தார். அதற்கான காரணத்தைக் கண்டறியப் பூச்சியியல் வல்லுநர் ரஹ்மான் சையத் அங்கு அனுப்பப்பட்டார். அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கூன்வண்டே மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றது என்று அவர் நிறுவினார். பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்த பின்னர், 1981இல் அவ்வண்டு மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அது பெருகிப் பரவியது, காய்ப்பு உயர்ந்தது, கையால் ஊதும் பணி சில ஆண்டுகளுக்குள் தேவையற்றதாகிவிட்டது.

வேளாண்மை அறிவியலில் இது பெரும் வெற்றி. தோட்டங்களுக்குக் கோடிக்கணக்கில் ஆதாயம். ஆனால் தூள் ஊதும் கருவியைக் கீழே வைத்த பெண்களைப் பற்றி அந்த வெற்றிக் கதையில் ஒரு வரிகூட வருவதில்லை. அவர்களுள் சிலர் உதிரிப்பழம் பொறுக்கவும் உரம் போடவும் புல்லுக்கு மருந்தடிக்கவும் போயிருப்பர். வேலை இழந்தவருக்கு உதவித்தொகை தரும் வேலைக் காப்புறுதித் திட்டம் நம் நாட்டில் 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது. வண்டு வந்தபோது அப்படி எதுவும் இல்லை.

மற்ற மூன்று வழிகளைச் சுருக்கமாகக் கூறலாம். முதலாவது, பயிர் மாறியது. 1980களின் இறுதிவரை உலகிலேயே அதிக ரப்பர் உற்பத்தி செய்த நாடு மலேசியா. விலை ஏறி இறங்கும் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, ஓர் ஏக்கருக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ரப்பர் மரத்தைப் பெரும்பாலும் ஒன்றுவிட்டொரு நாள் சீவ வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். இரண்டாவது, நிலம் மாறியது. இன்று கூட்டரசு நிர்வாக மையமாக விளங்கும் புத்ராஜெயா, பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் நிலத்தில் எழுந்தது. 1990களில் அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பிராங் பெசாரில் உருவாக்கப்பட்ட உயர்ரக ரப்பர்க் கன்றுகள் அத்தோட்டத்தின் முதலெழுத்துகளைத் தாங்கி இன்னும் பல நாடுகளில் வளர்கின்றன என்பது ஒரு வேடிக்கை. மரத்துக்குக் கிடைத்த நினைவுச்சின்னம் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது வழியே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது. வேலை அப்படியே இருந்தது. ஆனால் கூலி உயரவில்லை. நம் பிள்ளைகள் வெளியேறினர். அவ்விடத்துக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தனர். அரிவாள் கட்டிய நீண்ட கம்பால் குலையை அறுக்கும் வேலை இன்றும் உயிரோடு இருக்கின்றது, செய்பவர்தான் மாறிவிட்டார். 2020 முதல் 2022வரை பெருந்தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டபோது அறுக்க ஆளின்றிப் பழங்கள் மரத்திலேயே அழுகின. இயந்திரம் எல்லாவற்றையும் பறித்துவிட்டது என்று சொல்வோருக்கு இது நல்ல பதில்.

மூட்டை அவிழ்ந்தபோது

வேலையை இழந்தவர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். மூட்டையிலிருந்த மற்றவை என்ன ஆயின?

வீடு முதலில் போயிற்று. முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தவருக்கும் அந்த லயத்தின் மீது உரிமை இல்லை. ஊழியர் சேமநிதி 1951 முதல் இருந்தது உண்மை. ஆனால் சேமிப்பு கூலியின் விழுக்காடுதானே? சிறு கூலிக்குச் சிறு சேமிப்பு. அதைக் கொண்டு பட்டணத்தில் வீடு வாங்க இயலவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்கு நிலங்களில் குடிசைகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிகள் பின்தங்கின. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. மக்கள் நகருக்கு வந்துவிட்டனர். பள்ளிக் கட்டடமோ செம்பனைக் காட்டுக்குள் நிற்கின்றது. ஒருபுறம் சில பத்து மாணவர்களோடு தவிக்கும் பள்ளிகள்; மறுபுறம் தமிழர் மிகுந்த குடியிருப்புகளில் தமிழ்ப்பள்ளி இல்லாத நிலை. கோயில்களின் கதையும் இதுவே. தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறியதும், மூன்று தலைமுறை வழிபட்ட கோயில் பிறர் நிலத்தில் அனுமதியின்றி இருக்கும் கட்டடமாகிவிடுகின்றது.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். மூட்டையை அவிழ்க்காமல், அதன் கயிற்றைத் தொழிலாளியின் கையில் கொடுக்கும் முயற்சி அது. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. இருப்பினும் அன்று செய்யப்பட்டவற்றுள் சிக்கலின் வேரைத் தொட்ட முயற்சி அதுவே என்பது என் கருத்து.

தொழிற்சாலையிலிருந்து கைப்பேசிச் செயலிவரை

1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. பின்னர் மற்ற மாநிலங்களிலும் இதே நிலை. விடியற்காலையில் தோட்ட முச்சந்திகளில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றது. இந்த வேலையின் மூட்டை சிறியது: மாதச் சம்பளம், சேமநிதி, சொக்சோ, மருத்துவ அட்டை, பேருந்து. வீடும் பள்ளியும் அதில் இல்லை. ஆனால் வேலையை விட்டால் வீடு போகாது என்பதால் அது ஒரு விடுதலையும்கூட.

இன்றைய செயலிவழி வேலையில் மூட்டையே இல்லை. உணவு கொண்டு சேர்ப்பவருக்கு மோட்டார் சைக்கிள் அவருடையது, பெட்ரோல் அவருடையது, கைப்பேசி அவருடையது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபோது அது அவரைத் தொடவில்லை. ஏனெனில் சட்டப்படி அவர் ஊழியர் அல்லர்; சொந்தத் தொழில் செய்பவர்.

இந்த இளைஞரின் நாளையும் அவருடைய பாட்டனார் நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒற்றுமை திகைக்க வைக்கும். இருவருக்கும் செய்த அளவுக்கே கூலி. இருவருக்கும் மழை பகை. ஒருவருக்கு மரம் நனைகின்றது, மற்றவருக்குச் சாலை வழுக்குகின்றது. இருவரின் உழைப்பையும் வேறொருவர் அளக்கின்றார். பாலை நிறுத்து, கருவியை இட்டு அடர்த்தி பார்த்துக் கணக்கு எழுதிய கிராணியின் முகம் பாட்டனாருக்குத் தெரியும். கணக்கில் குறை என்றால் அந்த முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். பத்துப் பேர் சேர்ந்தால் சங்கத்துக்குப் போகலாம். பேரனின் தூரத்தையும் நேரத்தையும் மதிப்பெண்ணையும் கணக்கிடுவது ஒரு கணினி நிரல். அதற்கு முகமில்லை. பக்கத்து லயத்தில் குடியிருக்கும் சக தொழிலாளியும் இல்லை.

அரசாங்கம் இதைக் கவனிக்கத் தொடங்கியுள்ளது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொந்தத் தொழில் செய்வோரையும் சொக்சோ பாதுகாப்புக்குள் கொண்டு வந்தது. வாடகை வண்டி ஓட்டுநர்கள் முதலில் அதில் சேர்க்கப்பட்டனர். 2025இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. எழுத்துவழிச் சேவை ஒப்பந்தம், முறையீடு செய்யும் வழி, தனித் தீர்ப்பாயம், சொக்சோ சந்தா ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. கிராணியின் முகத்தைச் சட்டத்தின் வழி மீண்டும் உண்டாக்கும் முயற்சி என்று இதைக் கொள்ளலாம்.

கிராணி வேலைக்கு வந்த சோதனை

தோட்டத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கண்ட கனவு என்ன? கையில் கத்தி பிடிக்காத வேலை; நிழலில் உட்கார்ந்து எழுதும் வேலை; சுருங்கச் சொன்னால் கிராணி வேலை. அக்கனவு பெருமளவு நிறைவேறியது. இன்று வங்கியிலும் காப்புறுதி அலுவலகத்திலும் கணக்குப் பிரிவிலும் வாடிக்கையாளர் சேவையிலும் நம்மவர் பலர் பணியாற்றுகின்றனர்.

சோதனை அங்கேதான் வந்துள்ளது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு, உரை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவின் தாக்கம் எழுத்தர் பணிகளிலேயே மிக அதிகம் என்றும், அப்பணிகளில் பெண்கள் மிகுதியாக இருப்பதால் அவர்களே கூடுதலாகப் பாதிக்கப்படுவர் என்றும் கண்டறிந்தது. கடிதம் வரைவது, பதிவு செய்வது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது ஆகியவற்றைக் கணினி செய்யத் தொடங்கிவிட்டது. மாறாக, மேடுபள்ளமான நிலத்தில் நடந்து, பழுத்த குலையை இனங்கண்டு, இருபது கிலோ எடையுள்ளதை உயரத்திலிருந்து பழம் சிதறாமல் இறக்குவது இயந்திரத்துக்கு இன்னும் எளிதாக இல்லை. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கிய சந்தாஸ் என்னும் மோட்டார் அரிவாள்கூட மனிதர் தூக்கிப் பிடிக்க வேண்டிய கருவிதான். நிழலுக்கு ஓடியவரைத் தேடி மாற்றம் வந்திருக்கின்றது. வெயிலில் நிற்பவர் இன்னும் தேவைப்படுகின்றார்!

கேய்ன்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1930இல் எழுதிய கட்டுரையில், நூறு ஆண்டுகளுக்குள் மனிதர் வாரத்துக்குப் பதினைந்து மணிநேரம் உழைத்தால் போதுமென்ற நிலை வரும் என்று கணித்தார். அந்த நூறாண்டு முடியும் தறுவாயில் உள்ளது. நம் நாட்டின் சட்டபூர்வ வேலை நேரம் 2023 ஜனவரியில்தான் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. உற்பத்தி பெருகினால் ஓய்வு தானே வந்துவிடாது. யாராவது கேட்டு, போராடி, சட்டமாக்கினால்தான் வரும்.

இனி வரும் மாற்றத்தில் வேலையோடு எவற்றைக் கட்டுவது, எவற்றை அவிழ்ப்பது என்பதைத்தான் விவாதிக்க வேண்டும். சேமநிதி இதற்கு நல்ல முன்மாதிரி. முதலாளி மாறினாலும் கணக்கு தொழிலாளியோடு போகின்றது. மருத்துவக் காப்பும் பயிற்சிக்கான உதவியும் அவ்வாறே ஆளோடு போக வேண்டும். வேலைக் காப்புறுதித் திட்டம் சம்பள ஊழியருக்கு மட்டுமே என்றிருக்கும்வரை, அது மிகவும் தேவைப்படும் செயலித் தொழிலாளி வெளியே நிற்பார். நாற்பது வயதில் வேலை இழக்கும் ஓர் எழுத்தர் ஆறு மாதம் புதுத்திறன் கற்கலாம் என்று சொல்வது எளிது. அந்த ஆறு மாத வீட்டுக் கடனை யார் கட்டுவது என்பதற்கும் விடை வேண்டும். தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொண்டால், அதை மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு நகர்த்துவது இன்னும் முடியாத வேலை. வேலை செய்யும் இடத்துக்கும் வாழும் இடத்துக்கும் தொடர்பே இல்லாமற்போகும் காலத்தில் அது மேலும் அவசரமாகின்றது.

இத்துறையில் நம் மாணவர்கள் செய்யக்கூடிய ஓர் ஆய்வுப் பணியையும் இங்கே முன்வைக்க விரும்புகின்றேன். 1981க்கு முன்னர்ச் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் ஊதிய பெண்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவ்வேலை நின்ற பிறகு என்ன செய்தனர், வீட்டு வருமானம் எவ்வளவு குறைந்தது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது, யார் முதலில் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டார் என்பவற்றை அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். அடுத்த விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் இரண்டு பேரைச் சந்தித்தாலே போதுமான தரவு திரளும். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். பாட்டிமார்களிடம் காலையில் போவது நல்லது, பேசி முடிக்க நேரமாகும்.